எலியாஸ் பூடினொட்: மேடையும் அச்சகமும்

1826ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி. பிலடெல்பியா நகரின் முதலாவது பிரெஸ்பிற்றேரியன் தேவாலயத்தில் இருபத்து நான்கு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் ஆங்கிலத்தில் உரையாற்றினார். பெயர் எலியாஸ் பூடினொட். செவ்விந்தியர் என்று நமது பாடநூல்கள் சொல்லித்தந்த மக்களுள் ஒருவர். அந்த மக்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு என்பதைப் பாடநூல்கள் சொல்லவில்லை. இவர் செரோக்கி. தனது தேசத்தின் பேரவை அனுப்பி வைத்ததால் வந்திருந்தார். ஓர் அச்சியந்திரமும், செரோக்கி மொழிக்கான அச்செழுத்துகளும், ஒரு கல்விக்கூடமும் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். வெள்ளையரிடம் பணம் கேட்கவே அந்த மேடை.

அவர் பேசியது பின்னர் சிறு நூலாக அச்சிடப்பட்டு, 'வெள்ளையருக்கு ஓர் உரை' என்ற பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. தன் இனத்தவரின் துயரைச் சொல்லி இரங்கக் கேட்பார் என்று எண்ணி அதைக் கையிலெடுப்பவருக்கு வியப்புக் காத்திருக்கிறது. அவர் கணக்குச் சொல்கிறார். எங்களிடம் 22,000 மாடுகள் உள்ளன. குதிரைகள் 7,600. கலப்பைகள் 2,943. தறிகள் 762. நூற்கும் இராட்டைகள் 2,488. மாவரைக்கும் ஆலைகள் 31, மரமரியும் ஆலைகள் 10, கொல்லுலைகள் 62, பாடசாலைகள் 18. இப்படியே நீள்கிறது பட்டியல். ஒரு மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நல்ல நூல்களும் பதினொரு விதமான பத்திரிகைகளும் வாசிக்கப்படுகின்றன என்பதையும் விடாமல் சேர்த்துக்கொள்கிறார். இவற்றுக்கு மேலாக மூன்று விடயங்களைத் தன் மக்களின் முன்னேற்றத்துக்குச் சான்றாக நிறுத்துகிறார்: எழுத்து கண்டுபிடிக்கப்பட்டமை, புதிய ஏற்பாடு செரோக்கியில் மொழிபெயர்க்கப்பட்டமை, ஓர் அரசாங்கம் ஒழுங்குபடுத்தப்பட்டமை.

இந்த உரை எனக்கு இரண்டு விதமாகப் படுகிறது. ஒருபுறம், காட்டுமிராண்டிகள் என்று ஒரு சமூகமே முத்திரை குத்தப்பட்டிருந்த வேளையில் புள்ளிவிபரத்தோடு எழுந்து நின்ற துணிவு. மறுபுறம், அளவுகோல் கேட்போருடையது. கலப்பை இருந்தால் மனிதன், வேட்டையாடினால் விலங்கு என்ற கணக்கை அவர் மறுக்கவில்லை. அந்தக் கணக்கில் நாங்கள் தேறிவிட்டோம் என்றே வாதிட்டார். நாகரிகம் அடைவது அல்லது அழிந்துபோவது, இரண்டைத் தவிர வேறு வழி தன் இனத்துக்கு இல்லை என்றும் முடிவில் சொன்னார். அந்தக் கலப்பைகளைப் பிடித்த கைகளில் ஆபிரிக்க அடிமைகளின் கைகளும் இருந்தன. அக்காலத்தில் செரோக்கித் தேசத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தனர். வசதி படைத்த குடும்பங்கள் அவர்களை வைத்திருந்தன. அடிமை வைத்திருப்பதும் அன்று நாகரிகத்தின் ஓர் அங்கமாகவே அயலவரிடமிருந்து கற்றுக்கொள்ளப்பட்டது. இதைச் சொல்லாமல் அவருடைய கதையைச் சொல்வது நேர்மையாகாது.

பூடினொட் என்பது அவருடைய பிறப்புப் பெயரல்ல. இன்றைய ஜோர்ஜியா மாநிலத்தின் வடக்கே 1802 அளவில் பிறந்தபோது வைத்த பெயர் கல்லகினா. ஆண்மான் என்று பொருள். ஆங்கிலத்தில் 'பக்' வேட்டி என்றார்கள். மொறேவியன் மிஷனரிமாரின் பாடசாலையில் படித்து, மேற்படிப்புக்காகக் கொனெக்ரிக்கட் மாநிலத்தின் கோர்ன்வோல் கிராமத்திலிருந்த மிஷன் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். 1818இல், போகும் வழியில், அமெரிக்க வேதாகமச் சங்கத்தின் தலைவரான முதியவர் எலியாஸ் பூடினொட்டைச் சந்தித்தார். புரட்சிக்காலக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்த பெரியவர் அவர். அவருடைய பெயரையே இளைஞர் தனதாக்கிக்கொண்டார்.

இலங்கை வாசகருக்கு இந்தப் பெயர் மாற்றம் புதிதாக இருக்காது. கோர்ன்வோல் பாடசாலையை நடத்திய அமெரிக்க மிஷன் சங்கம் பொஸ்டனிலிருந்து இயங்கியது. அதே சங்கம்தான் 1816இல் யாழ்ப்பாணத்தில் கால்பதித்தது, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கியது. அங்கேயும் மாணவருக்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்களெல்லாம் அப்படி வந்தவையே. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை'யும் இந்த மிஷன் வழி வந்ததுதான். அதனைப் பின்னாளில் நெடுங்காலம் நடத்தியவர் அந்த ஆர்னோல்ட். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1820இல், அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு ஓர் அச்சாளரை அனுப்பியிருந்தது. கொழும்பிலிருந்த ஆங்கில ஆட்சி அவரைத் தங்கவிடாமல் திருப்பியனுப்பிவிட்டது. போதகரைச் சகித்துக்கொண்ட ஆட்சியாளர் அச்சாளரைக் கண்டு ஏன் அஞ்சினர் என்பது தனியே எழுதவேண்டிய விடயம். பொஸ்டன் அலுவலகத்தின் ஒரே மேசைக்கு வட்டுக்கோட்டையிலிருந்தும் செரோக்கி நாட்டிலிருந்தும் கடிதங்கள் வந்து சேர்ந்த காலம் அது.

பெயரைக் கொடுத்த சமூகம் பெண்ணைக் கொடுக்கத் தயாராக இருக்கவில்லை. கோர்ன்வோலில் ஹரியட் கோல்ட் என்ற யுவதியும் பூடினொட்டும் திருமணம் செய்யப்போகும் செய்தி 1825இல் வெளிவந்தபோது, ஊர்வெளியில் அவர்களுடைய கொடும்பாவிகள் எரிக்கப்பட்டன. அதில் முன்னின்றவர் மணப்பெண்ணின் சொந்தச் சகோதரன். 1826 மார்ச் 28இல் திருமணம் நடந்தேறியது. மிஷன் பாடசாலையும் அதன்பின் நிலைக்கவில்லை, மூடப்பட்டுவிட்டது. கொடும்பாவி எரிந்த அடுத்த வருடமே அதே வெள்ளையர் சமூகத்தின் முன் நின்று, நாங்களும் உங்களைப்போன்றோர் என்று பிலடெல்பியாவில் அவர் பேசினார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்த உரையை மறுபடி வாசித்தால், கணக்குப் பட்டியல் வேறு தொனியில் ஒலிக்கிறது.

இனி எழுத்து. செக்கோயா என்ற செரோக்கி ஆங்கிலம் வாசிக்க அறியாதவர். வெள்ளையர் தாளில் எதையோ கீறி அதைப் பார்த்துப் பேசுகிறார்கள், நாமும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்ற ஒரே எண்ணத்தோடு பல வருடங்கள் முயன்று 1821 அளவில் 86 எழுத்துக்கள் கொண்ட ஒரு வரிவடிவத்தை முழுமையாக்கினார். ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை. நமது உயிர்மெய் போல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் 'க'வுக்கும் 'கி'க்கும் இடையே வடிவத்தில் எந்த உறவும் இராது. பேச்சுமொழி தெரிந்தவர் சில நாட்களில் கற்றுக்கொள்ளக்கூடியதாக இருந்தமையால் பாடசாலை இன்றியே அது வீடு வீடாகப் பரவியது. எழுத்தறியாத ஒருவர் தனியாளாக ஒரு மொழிக்கு எழுத்துமுறை படைத்து, அதை அம்மக்களே விரும்பி ஏற்றுக்கொண்டது வரலாற்றில் மிக அரிது.

இந்த எழுத்துக்களுக்கு ஈயத்தில் உருக்கொடுக்கும் வேலை பொஸ்டனில் நடந்தது. மிஷனரி சாமுவேல் வூஸ்டர் அதற்கு ஏற்பாடு செய்தார். செலவைச் செரோக்கித் தேசம் ஏற்றுக்கொண்டது. அச்சியந்திரமும் எழுத்துப் பெட்டிகளும் கப்பலிலும் பின்னர் வண்டியிலுமாக 1828ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தலைநகரான நியூ எக்கோட்டாவை அடைந்தன. பார்த்தால் கடதாசி வரவில்லை. டெனசியின் நொக்ஸ்வில் வரை ஆளனுப்பி வண்டியில் கொண்டுவர வேண்டியதாயிற்று. அச்சுக்கோத்த இருவரும் வெள்ளையர், செரோக்கி அறியாதவர்கள். பொருள் தெரியாத மொழியில் எழுத்தை எழுத்தாகப் பார்த்துக் கோத்தார்கள். 1828 பெப்ரவரி 21இல் முதல் இதழ் வந்தது: 'செரோக்கி பீனிக்ஸ்', ஆசிரியர் எலியாஸ் பூடினொட். நான்கு பக்கம், பக்கத்துக்கு ஐந்து பத்தி, வார இதழ். செரோக்கி எழுத்தில் இட்ட பெயருக்கு மீண்டெழுந்தது என்ற கருத்து வரும். வட அமெரிக்காவின் பூர்வீக மக்கள் நடத்திய முதற் பத்திரிகை இதுவே.

சந்தா விடயத்தைச் சிற்றிதழ் நடத்திக் கைசுட்ட நம்மவர் ஆர்வத்தோடு வாசிப்பர் என்பதால் தருகிறேன். முற்பணமாகக் கட்டினால் வருடத்துக்கு இரண்டரை டொலர், ஆறு மாதத்தில் கட்டினால் மூன்று, வருட முடிவில் மூன்றரை. செரோக்கி மட்டும் வாசிக்கத் தெரிந்தவருக்கு முற்பணம் இரண்டு டொலர்தான். ஆனால் மலிவு விலைக்கு வாங்கிய அந்த வாசகருக்குக் கிடைத்த செரோக்கிப் பத்திகள் குறைவு. பெரும்பகுதி ஆங்கிலமே. ஆங்கிலத்தில் ஒரு நாளில் எழுதுவதைச் செரோக்கியில் தருவதற்கு எடுக்கும் பாடு அதிகம், மொழிபெயர்ப்பில் உதவ ஆளில்லை. தேசத்தின் சட்டங்களும் பொது ஆவணங்களும் இரு மொழியிலும் வந்தன. அரசியல் விவாதம் ஆங்கிலத்தில் வந்தது. ஏனெனில் அதை வாசிக்கவேண்டியவர்கள் வொஷிங்டனில் இருந்தார்கள். ஏனைய அமெரிக்கப் பத்திரிகைகளுடன் பிரதிகள் பரிமாறப்பட்டன. அவை 'பீனிக்ஸ்' கட்டுரைகளை மறுபிரசுரம் செய்தன. ஒரே தாளில் இரு வேறு வாசகரை வைத்திருந்த இந்த இக்கட்டு கடைசிவரை தீரவில்லை. 1829 பெப்ரவரியில் பத்திரிகையின் பெயரோடு 'இந்தியரின் வழக்குரைஞன்' என்ற பொருளில் ஒரு பின்னொட்டும் சேர்ந்தது. செரோக்கியருக்கு மட்டுமல்ல, நிலம் பறிபோகும் எல்லாப் பூர்வீக மக்களுக்கும் இது பேசும் என்பது பொருள்.

பேசவேண்டிய தேவை விரைவிலேயே வந்தது. ஜோர்ஜியா மாநிலம் செரோக்கி நிலத்தின்மீது தன் சட்டங்களை விரித்தது; 1830 ஜூன் முதல் அவை நடைமுறைக்கு வந்தன. வெள்ளையர் சம்பந்தப்பட்ட வழக்கில் செரோக்கி ஒருவரின் சாட்சியம் நீதிமன்றில் செல்லாது. 1829இல் அந்த மலைகளில் தங்கம் கண்டெடுக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து குவிந்தனர். 1830 மே 28இல் ஜனாதிபதி ஜக்சன் 'இந்தியர் அகற்றல் சட்ட'த்தில் கையெழுத்திட்டார். கீழவையில் அது நிறைவேறியது 102க்கு 97 என்ற வாக்கில். ஐந்தே வாக்கு வித்தியாசம். பொஸ்டன் மிஷன் சங்கத்தின் செயலாளர் ஜெரமையா எவார்ட்ஸ் புனைபெயரில் எழுதிய எதிர்ப்புக் கட்டுரைகளைப் பூடினொட் தன் பத்திரிகையில் எடுத்துப் போட்டார். சட்டத்துக்கு அஞ்சி எவரும் பேசாதிருந்த காலமல்ல அது. அமெரிக்கரில் பலர் எதிர்த்தனர். எதிர்ப்பு போதவில்லை, அவ்வளவுதான்.

பத்திரிகைக்கு நேரடியாகவே நெருக்கடி வந்தது. செரோக்கித் தேசத்துக்கு ஒன்றிய அரசு ஆண்டுதோறும் தரவேண்டிய ஒப்பந்தப் பணத்தை அதன் கருவூலத்தில் செலுத்தாமல், தலைக்குச் சில சதம் என ஒவ்வொருவருக்கும் பங்கிடுவதாக வொஷிங்டன் முடிவுசெய்தது. சில சதத்தைப் பெற நாட்கணக்கில் நடந்து வருவார் யார்? பத்திரிகையின் வருமானம் வற்றியது. பத்திரிகையை மூடு என்று உத்தரவிடாமலேயே மூடவைக்கும் இந்த வித்தை பழையது. அச்சுக்கோப்பாளர் உட்பட வெள்ளையரை மாநிலத்தின் விசுவாசப் பிரமாணம் எடுக்குமாறு ஜோர்ஜியா வற்புறுத்தியது. மறுத்த வூஸ்டர் 1831 செப்டம்பரில் நான்கு ஆண்டு கடூழியச் சிறை பெற்றார்.

அந்த வருடம் ஆகஸ்டில் ஜோர்ஜியாக் காவற்படையின் கேணல் நெல்சன் பூடினொட்டை அழைப்பித்தார். காவற்படையைப் பற்றி எழுதியது அவதூறாம். உன்மீது வழக்குப் போட்டுப் பயனில்லை, மரத்தில் கட்டிச் சாட்டையால் அடிப்பதுதான் வழி என்று மிரட்டினார். பூடினொட் திரும்பி வந்து, நடந்த உரையாடலை அப்படியே அடுத்த இதழில் அச்சிட்டார். அச்சிட்டதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. உண்மையில் எழுதுவது நீயல்ல, உனக்குப் பின்னால் மிஷனரிகள்தான் இருக்கிறார்கள் என்பதும் ஜோர்ஜியாக்காரரின் குற்றச்சாட்டு. செரோக்கி ஒருவனால் இவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் இவ்வளவு வலுவாக எழுதமுடியாது என்பது அவர்களது நம்பிக்கை. இதைப் பூடினொட் மீண்டும் மீண்டும் மறுக்கவேண்டியிருந்தது. அடிக்கு அஞ்சாதவரையும் இந்தச் சந்தேகம் உறுத்தியிருக்கும்.

1831 இறுதியில் தம்பி ஸ்டாண்ட் வேட்டியிடம் பத்திரிகையை ஒப்படைத்துவிட்டு, ஒன்றுவிட்ட சகோதரர் ஜோன் ரிட்ஜுடன் வடக்கு நகரங்களுக்குச் சொற்பொழிவுப் பயணம் புறப்பட்டார். பிலடெல்பியா, நியூயோர்க், பொஸ்டன். ஆறு வருடத்துக்கு முன் அச்சியந்திரம் கேட்டு நின்ற மேடைகளில் இப்போது நிலத்துக்காகப் பேச்சு. பொஸ்டனில் இருந்தபோதுதான் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. 1832 மார்ச் 3, வூஸ்டர் எதிர் ஜோர்ஜியா வழக்கு: செரோக்கி நிலத்தில் ஜோர்ஜியாவின் சட்டங்களுக்கு வலுவில்லை என்றார் பிரதம நீதியரசர் மார்ஷல். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஜக்சனின் அரசு அசையவில்லை. தீர்ப்புச் சொன்னவரே அதை நிறைவேற்றட்டும் என்று ஜக்சன் கூறியதாக ஒரு வாசகம் இன்றும் மேற்கோளாக உலாவுகிறது; அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமில்லை. சொல்லாமலேயே அதைச் செய்தார்.

இங்குதான் பூடினொட் மாறுகிறார். உச்ச நீதிமன்றில் வென்றும் பயனில்லை எனில் இனி எஞ்சியது என்ன? நிலம் எப்படியும் போகும். நல்ல விலைக்கு ஒப்பந்தம் செய்து மேற்கே போய் ஒரு தேசமாக உயிர் தப்பலாம் என்ற முடிவுக்கு அவரும் ரிட்ஜும் வந்தனர். மக்களுக்கு உண்மை நிலையைச் சொல்லவேண்டும், இரு கருத்தும் பத்திரிகையில் வரட்டும், விவாதிக்கட்டும் என்றார் பூடினொட். தலைவர் ஜோன் ரொஸ் மறுத்தார். இது தேசத்தின் பணத்தில் நடக்கும் பத்திரிகை. அது தேசத்தின் ஒருமித்த குரலாக இருக்கவேண்டும். பிளவைக் காட்டினால் எதிரிக்கே இலாபம், மக்களிடையே குழப்பம் என்பது அவருடைய வாதம். 1832 ஆகஸ்ட் 1இல் பூடினொட் பதவி விலகினார். ரொஸின் மைத்துனர் எலிஜா ஹிக்ஸ் ஆசிரியரானார். 1834 மே 31உடன் 'பீனிக்ஸ்' நின்றது.

யார் பக்கம் நியாயம்? ரொஸின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. வாசல்வரை எதிரி வந்து நிற்கையில் வீட்டுச் சண்டையை வெளியே கேட்கவிடுவோமா என்று ஒவ்வொரு சிறுபான்மைத் தலைமையும் தன் எழுத்தாளரைக் கேட்டே வந்திருக்கிறது. ஆயினும் இந்த இடத்தில் நான் பூடினொட்டுக்காகவே பேசுவேன். வாசகர் முடிவெடுக்கட்டும் என்றுதான் அவர் கேட்டார். அந்தக் கதவைச் சாத்தியது ரொஸ் செய்த பிழை.

ஆனால் அடுத்து நடந்ததற்கு என்னிடம் நியாயம் இல்லை. 1835 டிசம்பர் 29இல் நியூ எக்கோட்டாவில், பூடினொட்டின் சொந்த வீட்டில் வைத்து, இருபது பேர் அளவில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மிசிசிப்பிக்குக் கிழக்கேயுள்ள செரோக்கி நிலம் முழுவதும் ஐம்பது இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. கையெழுத்திட்டவர்களுள் எவருக்கும் தேசத்தின் பெயரில் கையெழுத்திடும் அதிகாரம் இல்லை. கிழக்கில் அப்போது பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட செரோக்கியர் இருந்தனர். கூட்டத்துக்கு வந்தவர் சில நூறு பேர். செனற் சபையில் தேவையான மூன்றில் இரண்டு பெரும்பான்மையை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பெற்று அது உறுதியானது. ஒப்பந்தத்தை எதிர்த்துச் சென்ற மனுவில் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன.

1837இல் வெளியிட்ட சிறு நூலொன்றில் பூடினொட் தன் செயலுக்கு விளக்கமளித்தார். மக்களுக்குத் தங்கள் நிலை தெரியவில்லை. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ அதைத் தெரிந்த சிலர் அவர்களுக்காகச் செய்வது குற்றமாகாது என்பது அதன் சாரம். ஐந்து வருடத்துக்கு முன்னர், மக்களுக்குச் சொல்லுங்கள் என்று மன்றாடிய அதே பேனை இது. வாசகரிடம் பேசத் தடுக்கப்பட்ட பத்திரிகாசிரியர், வாசகரைக் கேட்காமலே அவர்களுக்காக முடிவெடுத்தார். மேடையில் நின்று தன் மக்களின் அறிவுக்குச் சான்று கூறியவர், அவர்கள் அறியாதவர்கள் என்று அச்சில் எழுதினார். பிலடெல்பியா உரையை மறுபடி எடுத்துப் பார்த்தால் இந்த விதை அங்கேயே கிடந்ததோ என்று தோன்றுகிறது. அந்தக் கலப்பைக் கணக்கில் அறிந்தவர் சிலர், அறியாதவர் பலர் என்ற கோடு ஏற்கெனவே கீறப்பட்டிருந்தது.

ஹரியட் 1836 ஆகஸ்டில் இறந்தார். ஆறு பிள்ளைகள். அடுத்த வருடம் பூடினொட் மேற்கே, இன்றைய ஒக்லஹோமாவிலுள்ள பார்க் ஹில்லுக்குப் போய், விடுதலையான வூஸ்டரோடு மீண்டும் மொழிபெயர்ப்பில் அமர்ந்தார். மற்றவர்களை 1838இல் படைவீரர் துப்பாக்கிமுனையில் முகாம்களில் அடைத்து மேற்கே நடத்திச் சென்றனர். வழியிலும் முகாம்களிலும் ஏறக்குறைய நாலாயிரம் பேர் மாண்டதாகக் கணக்கிடுவர். மாண்டவர்களுள் ரொஸின் மனைவியும் ஒருவர்.

தேசத்தின் அனுமதியின்றி நிலம் விற்பவருக்கு மரணதண்டனை என்பது செரோக்கிச் சட்டம். 1829இல் அது எழுத்தில் வந்தது. 1839 ஜூன் 22இல் பூடினொட் தன் புதிய வீட்டின் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தார். சிலர் வந்து நோயாளிக்கு மருந்து வேண்டும் என்றனர். மிஷனில் மருந்து வைத்திருந்தபடியால் அவர் உடனே கூடச் சென்றார். சில அடி தூரத்தில் கத்தியாலும் கோடரியாலும் கொன்றார்கள். அதே நாளில் ஜோன் ரிட்ஜும் அவரது தந்தை மேஜர் ரிட்ஜும் வெவ்வேறு இடங்களில் கொல்லப்பட்டனர். தாயற்ற பிள்ளைகள் தந்தையையும் இழந்தனர். அவர்களைக் கிழக்கே தாயின் உறவினர் வளர்த்தார்கள்.

அச்சியந்திரத்துக்கு என்ன நேர்ந்தது? 1835இல், ரொஸ் அதை டெனசிக்குக் கொண்டுபோய்ப் பத்திரிகையை மீண்டும் தொடங்க முயன்றபோது, ஜோர்ஜியாக் காவற்படை பறித்துக்கொண்டது. அதற்குத் துணைநின்றவர் பூடினொட்டின் தம்பி ஸ்டாண்ட் வேட்டி. 1954இல் நியூ எக்கோட்டாவில் அகழ்ந்தபோது மண்ணுக்குள்ளிருந்து செரோக்கி ஈய எழுத்துகள் வெளிவந்தன. மேற்கில் 1844 செப்டம்பரில் 'செரோக்கி அட்வகேற்' தொடங்கியது. அதன் ஆசிரியர் ஜோன் ரொஸின் மருமகன். 'பீனிக்ஸ்' என்ற பெயரும் பின்னர் செரோக்கித் தேசத்தின் பத்திரிகைக்கு மீண்டும் சூட்டப்பட்டது. 2000ஆம் ஆண்டில் செரோக்கித் தேசத்தின் பேரவை சுதந்திரப் பத்திரிகைச் சட்டம் ஒன்றை இயற்றியது. தேசத்தின் பணத்தில் நடக்கும் பத்திரிகையானாலும் அதில் என்ன வரவேண்டும் என்பதில் ஆட்சியிலிருப்போர் தலையிடக்கூடாது என்பது அச்சட்டத்தின் நோக்கம்.